துண்டு போட்ட சீட்

நடுப்பகலில் பேருந்து நிலையத்தில் நின்ற அந்த வண்டியில் ஓட்டுநரையும் நடத்துநரையும் தவிர யாரும் இல்லை. கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்த மயில்சாமி, அப்போதும் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி ஒரு சீட்டைப் பிடித்துவிட்டுத்தான் படியைத் தேடினார். முந்திக்கொள்ளாவிட்டால் தனக்கு எதுவும் மிஞ்சாது என்பது அவர் நினைப்பு. முதலில் கிடைத்த மில் வேலையையும் அப்படித்தான், விட்டால் வேறு கிடைக்காதென்று முப்பத்தாறு வருடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

துண்டு கிடந்த சீட்டில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

“இந்தப் பக்கம் நெழலா இருக்குதுங்க, வாங்க,” என்றாள் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்ட மனைவி துளசிமணி. “கண்ணுல வெயில் படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்கல்ல?”

“துண்டு போட்டுட்டனே.”

“பெரியவரே, வண்டியே காலிங்க,” என்று நடத்துநர் சிரித்தார்.

மயில்சாமி துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அந்த வெயிலிலேயே உட்கார்ந்தார்.

வண்டி நகர்ந்தது. மறுபடி கூப்பிடத் துளசிமணிக்குத் தெம்பில்லை. வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று, மடியிலிருந்த மருந்துப் பையைத் தன் பக்கத்து சீட்டில் வைத்தாள்.