இடது கால்

கண்ணை மூடினேன். மறுபடியும் அதே நீலக் கட்டம்தான் வந்தது.

எனக்கு முன்னால் தரையில் வெள்ளைக் கோட்டில் ஒரு பெரிய எட்டு. அதற்கு அந்தப் பக்கம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர். எனக்கு முந்தி ஒரே ஒரு காலேஜ் பொண்ணு. அவள் வண்டியில் எட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். காலை ஊன்றித் தொலைக்க மாட்டாளா என்றது என் பாழாய்ப்போன மனசு. அவள் ஊன்றவில்லை.

ஏற்கெனவே இரண்டு தடவை வந்து தோற்றுப் போனவள் நான். எட்டுப் போடும்போது கால் தரையில் படக்கூடாது. பட்டால் போச்சு. எனக்குப் பட்டது. இரண்டு தடவையும் இடது கால். நான் ஊன்றவே இல்லை, அதுவாக இறங்கிவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இந்தத் தடவை விட்டால் வேலை போய்விடும். சமயநல்லூர் லேபில் கிடைத்த வேலை. வாடிப்பட்டி வரைக்கும் வீடு வீடாக வண்டியில் போய் ரத்தம் எடுத்து வரவேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் படித்த படிப்புக்கு இப்போதுதான் ஒருத்தர் கூப்பிட்டிருக்கிறார். லைசென்ஸ் டெஸ்ட்டை முடித்துவிட்டு திங்கட்கிழமை வா, இல்லையென்றால் வேறு பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அதற்குத்தான் இந்தக் கண் மூடல் எல்லாம். செல்போனில் கோட்டு போட்ட ஒரு சார் சொல்கிறார். ஆசைப்பட்டது நடந்து முடிந்துவிட்ட மாதிரி கண்ணை மூடிப் பாருங்கள், கலர் கலராகப் பாருங்கள், காற்றும் வாசமும்கூடத் தெரியணும், தானாக நடக்கும் என்று. நானும் பஸ்ஸில், குழாயடியில், உலை கொதிக்கிற நேரத்தில் என்று மூடாத இடமில்லை. மாமியார் பார்த்துவிட்டு, எனக்குச் சாமி வந்துவிட்டதென்று நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார்.

சாமியும் வரவில்லை, படமும் வரவில்லை. எப்போது மூடினாலும் மூக்குக்கு நேராக நீலக் கட்டம் போட்ட ஒரு துணி. வண்டி போகிறது, காற்று அடிக்கிறது, லேசாக வியர்வை வாடைகூட வருகிறது. சார் கேட்ட அத்தனையும் இருக்கிறது, ரோட்டைத் தவிர. ரோடு அந்தத் துணிக்கு அந்தப் பக்கம். அந்த ஆளை நேரில் பார்த்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்கணும்.

ஹெல்மெட் வாரை அவிழ்த்தேன். மாட்டினேன். துப்பட்டா முடிச்சை இறுக்கினேன். ஆக்ஸிலேட்டரைச் சும்மா முறுக்கப் போய் ஸ்கூட்டர் ஓர் அடி முன்னால் துள்ளியது. பிரேக்கைப் பிடித்தேன்.

கம்பி வேலிக்கு வெளியே என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி நின்றுகொண்டிருந்தார். எனக்காக லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் பார்த்ததும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அப்புறம், பார்க்கத் தைரியம் இல்லாமல், முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

நீலக் கட்டம்.

அந்தச் சட்டைதான். தோள்பட்டையில் நான் போட்டுவிட்ட தையல்கூட அப்படியே இருக்கிறது.

அட பாவமே. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பார்த்த ரோடு அந்த முதுகுதான். அவர் பைக்கில் பின்னால், சேலையோடு, இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு. வண்டி மெதுவாகிறது என்றாலே இறங்கத் தயாராக இடது கால் முந்திக்கொள்ளும். இன்றைக்கு இந்த மைதானத்துக்கு வரும்போதுகூட இந்த ஸ்கூட்டரை அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். கண்ணை மூடி வண்டியில் போகிற மாதிரி பாரு என்றால், நான் போய் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

கோபம் கோபமாக வந்தது. அவர் மேலா, என் மேலா, தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். கடைசியாக ஒரு தடவை மூடினேன். முதுகு வந்தது. இறங்குங்க என்றேன் மனதுக்குள். அது அசையவில்லை. சரி, உட்காருங்க, எனக்கு வேலை இருக்கு என்று கண்ணைத் திறந்து வண்டியை எடுத்தேன்.

வலது வளைவு சுலபமாகப் போனது. இடது பக்கம் ஒடிக்கும்போது வண்டி மெதுவானது. கால் துடித்தது. எங்கடி இறங்கப் போற, நீதானடி ஓட்டுற என்று அதைத் திட்டினேன். திட்டிக்கொண்டே சுற்றி வந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் சரி, போ என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

ஜெயபாண்டி ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு, கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"இறங்கு ஆர்த்தி, நான் ஓட்டுறேன்."

வேறு நினைப்பில் சொல்லவில்லை. பழக்கம். சொல்லிவிட்டு நான் இறங்குவதற்காகக் காத்து நின்றார். நான் இறங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். அப்புறம் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறினார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் தொடையிலேயே வைத்துக்கொண்டார்.

கேட்டுக்குப் பக்கத்தில் வேகத்தடை. வண்டியை மெதுவாக்கினேன். சரக்கென்று தரையில் கால் உரசியது.

திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தேன். என் கால் இரண்டும் உள்ளேதான் இருந்தன.

இடது பக்கம், பின்னாலிருந்து ஒரு செருப்பு தரையைத் தேடிக்கொண்டிருந்தது. போகப் போகப் பழகிக்கொள்வார்.