ஏழு வீட்டுப் பொங்கல்

மாட்டுப் பொங்கலன்று செவலைப் பசுவுக்கு ஏழு வீட்டார் போட்டி போட்டுப் பொங்கல் ஊட்டினார்கள். அத்தனை சோறும் அதன் முதல் வயிற்றில் போய்க் குவிந்தது. அங்கே காலையில் தின்ற ஒரு பிடி வைக்கோல் கிடந்தது. இரண்டும் ஒரே வயலில் விளைந்தவை.

"என்னண்ணே, இன்னும் இங்கேதான் கிடக்கிறீங்களா?" என்றது சோறு. "நான் வந்த சூட்டிலேயே கரைஞ்சிடுவேன். சாமிக்குப் படைச்ச சாமான் நான்."

"கரைஞ்சுக்கோ தம்பி. எனக்கு ரெண்டு நாள் ஆகும்," என்றது வைக்கோல்.

சோறு மளமளவென்று கரைந்தது. வயிறு புளித்துப் பொங்கியது. தீனியைச் செரிக்க வைக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் புளிப்புத் தாங்காமல் சாகத் தொடங்கின. செவலை அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டது.

"அண்ணே, பசு செத்துப்போயிடுமா?" சோற்றின் குரலில் இப்போது மிடுக்கு இல்லை.

அசையைத் தூண்ட வைக்கோல் வயிற்றுச் சுவரில் உரசியது. விடாமல் உரசியது. கடைசியில் செவலை ஒரு ஏப்பம் விட்டு, வைக்கோலை வாய்க்குக் கொண்டுவந்து மெல்லத் தொடங்கியது. புளிப்பை முறிக்கும் எச்சில் ஊறி ஊறி வயிற்றுக்குள் இறங்கியது. பொழுது சாய்வதற்குள் புளிப்பு அடங்கியது.

நைந்து திரும்பிய வைக்கோலைப் பார்த்து, "உங்க உடம்பு போச்சேண்ணே," என்றது மிச்சமிருந்த சோறு.

"போகட்டும். நீ நெல்லா இருந்தப்போ, காத்திலும் மழையிலும் உன்னைத் தலையில தூக்கிக்கிட்டு நின்னவன்டா நான். அன்னைக்கும் சாயல," என்ற வைக்கோல், அடுத்த அசைக்கு மேலே ஏறியது.