ஆறாவது கேள்வி

"கொம்பியூட்டருக்கு மூக்கு இருக்கோ தம்பி?"

கேட்டவர் டொக்டர் கதிர்காமநாதன். இடம்பெயர்ந்த காலம் நீங்கலாக முப்பது வருடமாக முரசுமோட்டையில் டிஸ்பென்சரி நடத்துகிறவர். எதிரே வினாத்தாளும் பேனையுமாக இருந்தவன் சுஹைப்.

"இல்ல டொக்டர்."

"எனக்கு இருக்கு. ஆள் படியேறி வரேக்கையே பாதி வருத்தம் எனக்கு மணந்துபோகும். நீங்கள் ஒரு பெட்டியைக் கொண்டந்து வைச்சு, விசுவமடுச் சனத்தைக் கொழும்பு டொக்டரோட கதைக்க விடப்போறியளாம்!"

அதுதான் திட்டம். சுஹைப் வேலை செய்யும் தொண்டு நிறுவனம் அதற்கு வன்னி டொக்டர்மாரின் கருத்தைக் கேட்டிருந்தது. மற்றவர்கள் எல்லோரும், "கதிர்காமநாதன் ஐயா ஓம் எண்டால் எங்களுக்கும் ஓம்" என்று நழுவிவிட்டார்கள். இவர் மறுத்தால் திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். அதோடு சுஹைபின் வேலையும் போகும். வவுனியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் புழுதி குளித்து வந்தது அந்த ஒரு 'ஓம்'முக்காகத்தான்.

"ஆறே ஆறு கேள்விதான் டொக்டர். பதில் சொல்லி ஒரு கையெழுத்து வச்சாச் சரி."

"கேள்வியளை ஆர் எழுதினது?"

"ஒபிஸ்லதான். என்ட மனிசி அஸ்மியாவும் அங்கதான் வேலை. அவதான் அடிச்சுத் தந்தவ."

"சரி, வாசியும்."

"ஒண்டு. நாடி பார்க்காமல் நோயை அறிய முடியுமா?"

"கையைத் தாரும்."

"எனக்கு ஒரு வருத்தமும் இல்ல டொக்டர்."

"உமக்கு ஆர் வருத்தம் எண்டது? வாயால சொன்னா உங்கட ஒபிசுக்கு விளங்காது. செய்து காட்டுறன், பாத்து எழுதும்."

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு மேசையில் மடித்து வைத்திருந்த ஒரு கடதாசியை விரித்துப் பார்த்துவிட்டு மூடினார். மருந்து விலைப்பட்டியலாக்கும் என்று சுஹைப் நினைத்தான்.

சுஹைப் டொக்டர்மாரைக் கேள்வி கேட்பதற்கு மட்டும் சந்திக்கிறவன். புத்தளத்தில் அகதியாக இருந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போன வாப்பா திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு டிஸ்பென்சரி மணமே பயம். தலை வெடித்தாலும் பால் விடாத பிளேன்ரீ குடித்துவிட்டுப் படுப்பான். இன்றைக்கு வேலைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

"ரெண்டு. நோயாளியே பிரஷரை அளந்து அனுப்பலாமா?"

"சட்டைக் கையை மடியும். ஏன் ஏலாது எண்டு காட்டுறன்." ஒருதரம் அளந்தார். புருவத்தைச் சுருக்கி இன்னொருதரம் அளந்தார்.

மூன்றாவது கேள்விக்குக் கண்ணுக்குள் டோர்ச் அடித்தார். நான்காவதற்குச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்.

"கண்ணை மூடும். கால்ல எந்த விரலைத் தொடுறன் எண்டு சொல்லும்."

"தொடுங்க டொக்டர்."

"தொட்டு முடிஞ்சுது தம்பி."

வெளி வாங்கில் காத்திருந்த மீனம்மா எட்டிப் பார்த்தாள். "வருத்தக்காரர் நாங்கள் இஞ்ச கிடக்கிறம். கேள்வி கேக்க வந்தவருக்கு உந்தப் பார்வையோ டொக்டர்?"

"சத்தம் போடாதை. இது ஆராய்ச்சி."

ஐந்தாவது கேள்வி இரத்தப் பரிசோதனை பற்றியது. வாசித்து முடிக்கும் முன்பே விரலில் ஊசி ஏறியது.

"ஆ! உம்மா!"

"கொம்பியூட்டர் இப்பிடிக் குத்துமோ?"

"குத்தாது டொக்டர்."

"அதுதான் அதில உள்ள பிழை. எழுதும்."

ஐந்துக்கும் 'ஏலாது' என்று எழுதியாகிவிட்டது. மிச்சம் ஆறாவது. சுஹைப் அதையும் வாசித்தான்.

"தூரத்தில் உள்ள நோயாளிக்குக் கொம்பியூட்டர் மூலம் உதவ முடியும் என்று நம்புகிறீர்களா?"

டொக்டர் வினாத்தாளை வாங்கி எதையோ எழுதிக் கையெழுத்து வைத்தார். இன்னொரு தாளிலும் எழுதினார். இரண்டையும் நீட்டினார்.

முதல் தாளில், ஆறாவது கேள்விக்கு நேரே கொட்டை எழுத்தில் 'ஓம்' என்று இருந்தது. சுஹைபுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. வேலை தப்பியது! நன்றி சொல்லிக்கொண்டே மற்றத் தாளைப் பார்த்தான். வவுனியா கிளினிக்குக்கு எழுதிய கடிதம். 'சுஹைப், வயது நாற்பத்திரண்டு. பிரஷர் 170/110. இரத்தத்தில் சீனி 290. கால்விரலில் உணர்ச்சி குறைவு. உடனே வைத்தியம் தொடங்கவும்.'

"டொக்டர், இது என்ட பேர்! என்ட வயசு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

டொக்டர் அந்த மடித்த கடதாசியை அவன் பக்கம் தள்ளினார்.

'மதிப்புக்குரிய டொக்டர், என்ட அவருக்கு நாப்பத்திரண்டு வயசு. குடம் குடமாத் தண்ணி குடிக்கிறார். பின்னேரமானா தலையிடி. டிஸ்பென்சரி எண்டா ஓடி ஒளிப்பார், கேள்வி கேக்க எண்டா வருவார். நீங்க சோதிக்க வசதியாத்தான் முதல் அஞ்சு கேள்வியையும் அடிச்சிருக்கன். விட்டுராதீங்க. அஸ்மியா.'

சுஹைப் பேயறைந்தவன் போல நிமிர்ந்தான்.

"போன கிழமை ஈமெயில்ல வந்தது. கொமினிக்கேஷன் கடை வீரகத்தி தன்ர கொம்பியூட்டரில பிரிண்ட் எடுத்துத் தந்தவர்," என்றார் டொக்டர். "பிறகு ஆறாவதுக்கு நான் எப்பிடித் தம்பி 'இல்லை' எண்டு போடுறது?"