கவையில் இருக்கும் ஆள்

ஏலச்செடிகளுக்கு வெயில் இறங்கும்படி கிளைகளைக் கழித்துவிட்டு, கன்னையன் காட்டுப்பலாவிலிருந்து இறங்குகிறான். வருசா வருசம் அவன் கால் தானாகப் போய் நிற்கும், கிளை பிரியும் கவையில், போன வருசம் விரல் நீளமிருந்த, மரத்தில் ஒட்டி வளரும் மரவாழைச் செடி இன்று பூத்திருக்கிறது. பட்டையைப் பற்றிய வெள்ளை வேர்கள், ஊதாப் புள்ளி வைத்த கொத்து, அதன்மேல் இப்போதுதான் விழுந்த வெயில். "கவைல காலை வைய்யா, வழுக்கிரப் போகுது!" கீழே வெட்டிய கிளைகளை இழுத்துப் போடும் அவன் மனைவி மகாராணி கத்துகிறாள். "அங்க ஆளிருக்கு புள்ள." "ஆளா? எவ அவ?" அவன் சிரித்தபடி மரத்தை இறுகக் கட்டிக்கொண்டு, பூவைத் தாண்டிக் காலை இறக்குகிறான். பாதம் காற்றில் துழாவுகிறது. உடம்பு கீழே சறுக்க, நெஞ்சு பட்டையில் உரசி எரிகிறது. கடைசியில் மரத்தில் புடைத்த ஒரு முண்டு காலுக்கு அகப்படுகிறது. அடக்கியிருந்த மூச்சை விடுகிறான். இப்போது முகத்துக்கு நேரே வந்துவிட்ட பூங்கொத்து, அந்த மூச்சில் ஆடி நிற்கிறது.