ஒழுங்கையில் வந்த சொம்பிகள்

நிலாந்தி என் கண்களுக்குள் வெள்ளை லென்ஸை வைத்ததும் நெடுந்தீவு புகைக்குள் போய்விட்டது.

கல்மதில், பனைகள், தூரத்தில் மேயும் மாடுகள், எல்லாமே பால் கலந்த தண்ணீருக்குள் நிற்பதுபோல் தெரிந்தன.

“கண்ணைக் கசக்கிப் போடாதையும், டிலக்சனா. கன்னம் கழண்டு விழும்,” என்றாள் அவள்.

விடிந்ததிலிருந்து பசை பூசி, மெல்லிய தாள் ஒட்டி, நிறம் தடவி அவள் செய்த கன்னம் அது. கிழிந்து, உள்ளே பல் தெரிய, ஓரமெல்லாம் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பிரசாந்தன் சொம்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கடலில் செத்தவர்கள் எழும்பி ஊருக்குள் நடந்து வருகிறார்கள். அதுதான் அன்றைய காட்சி. செத்தவர்கள் எங்கள் ஊர் இளசுகள்.

பிரசாந்தன் எங்களை வரிசையாக நிறுத்திச் சொல்லித் தந்தார். கண் வெட்டக் கூடாது. கதைக்கக் கூடாது. தெரிந்தவர்கள் முன்னால் வந்தாலும் தெரியாதவர்கள்போலப் போக வேண்டும். சொம்பிக்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது.

காலையில் அப்பாவிடமும் இதைச் சொல்லியிருந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“செத்தவை எழும்பி வந்து என்ன செய்வினம்?”

“ஆக்களைக் கடிப்பினம், அப்பா.”

“சொந்த ஆக்களையுமோ?”

“ஓம். அவைக்கு ஒருத்தரையும் அடையாளம் தெரியாது.”

“விசர்க் கதை. அவ்வளவு தூரத்தால வீட்டைத் தேடி வாறவைக்கு வீட்டு ஆக்களைத் தெரியாதோ?” என்றுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் கரையிலிருந்து ஒழுங்கைக்குள் ஏறினோம்.

வெயில் உச்சியில் நின்றது. காற்று விழுந்துவிட்டது. ஒருவரும் பேசவில்லை. கால்களை இழுக்கும் சத்தம் இரண்டு பக்கக் கல்மதிலிலும் பட்டுத் திரும்பி வந்தது. எங்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வருவதுபோல் இருந்தது.

எங்களோடு நடந்த சுபேசனின் வீட்டு நாய் வாலாட்டியபடி ஓடி வந்தது. அவன் காலை மணந்து பார்த்தது. பிறகு வாலை ஒடுக்கிக்கொண்டு பின்வாங்கி, மதிலோடு ஒண்டி நின்று ஊளையிட்டது.

முன்னால் போகும் முதுகுகளில் எது யாருடையது என்று தெரியவில்லை. நேற்றுவரை ஒன்றாகப் படித்தவர்கள்.

ஒழுங்கையின் வளைவில், தலையில் புல்லுக்கட்டோடு ஒரு நிழல் நின்றது.

கிட்டப் போன பிறகுதான் அது அப்பா என்று தெரிந்தது.

கமராவோடு பின்பக்கமாக நடந்துகொண்டிருந்த பிரசாந்தன் எங்களை நிறுத்தவில்லை. வாருங்கள், வாருங்கள் என்று கையை மட்டும் அசைத்தார்.

அப்பா புல்லுக்கட்டை மதிலோடு இறக்கி வைத்தார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து விட்டார். தலைத்துண்டை எடுத்துக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டார்.

பிறகு எங்களை நோக்கி வந்தார்.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சுபேசன் தினமும் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்து தருபவன். அவன் முகத்தையும் முன்பின் தெரியாத ஒருவனின் முகத்தைப்போலப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனார். வள்ளத்தால் இறங்குபவர்களுக்குள் தன் ஆளைத் தேடுகிறவரின் பார்வை.

என்னிடம் வந்து நின்றார். மாட்டு வாசமும் வியர்வையும் அடித்தன. நான் கண் வெட்டவில்லை.

“உதயன் எண்டு ஒரு பெடியன். அங்க எங்கையும் கண்டனீரோ, பிள்ளை?”

பிறந்த நாளிலிருந்து என்னை ‘நீ’ என்று மட்டுமே கூப்பிட்டவர்.

உதயன் என் அண்ணா. சண்டைக் காலத்தில் ஒருநாள் வள்ளத்தில் அக்கரையிலுள்ள குறிகட்டுவானுக்குப் போனார். அங்கே அவர் பஸ் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர் யாரும் இல்லை.

‘அவன் இருக்கிறான்’ என்பதுதான் அப்பாவின் ஒரே பேச்சு. ‘செத்திருப்பான், மனதைத் தேற்றிக்கொள்’ என்று ஒருமுறை சொன்ன இராசநாயகம் மாமாவின் முகத்தில் அவர் இன்றுவரை முழிப்பதில்லை.

அந்த அப்பா செத்தவர்களிடம் வந்து கேட்கிறார்.

என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

“இல்லை,” என்றேன்.

ஒட்டிய கன்னத்துக்குள்ளால் வந்த குரல் என்னுடையதாகவே இல்லை.

அப்பா நீளமாக மூச்சு விட்டார்.

“அப்ப சரி.”

அவர் முகம் தெளிந்ததை அந்தப் புகைக்குள்ளாலும் கண்டேன். புல்லுக்கட்டைத் தூக்கக் குனிந்தார். குனிந்தவர் ஏதோ நினைத்து நிமிர்ந்து, திரும்ப என்னிடம் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காமல் இருக்கக் குரலைத் தணித்தார்.

“அங்க அன்னமுத்து எண்டு ஒராள் நிப்பாள். கண்டால் ஒருக்கால் சொல்லும். பெடியன் இன்னும் அங்கால வரேல்லையாம், தேடித் திரிய வேண்டாமாம் எண்டு.”

அன்னமுத்து என் அம்மா.

போன மாசியில், “நான் என்ர பிள்ளையிட்டப் போறன்” என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவர்.

“சொல்லுறன்,” என்றேன்.

அப்பா தலையாட்டினார். பிறகு, நாங்கள் எல்லோரும் போய் முடியும்வரை, கல்மதிலோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.