மாடி வீட்டு ரசிகை

அரை மணி நேரம் நீளும் ராக் பாட்டுகளுக்குப் பேர்போன பாடகர், குழு கலைந்தபின் வயதான காலத்தில் தனியாக ஓர் ஆல்பம் போட்டார். சீந்துவாரில்லை.

அவர் வீட்டுக்கு மேலே இருந்த மாடி வீட்டில் மட்டும் பகல் முழுக்க அதுதான் ஓடியது. அங்கே குடியிருக்கும் பெண் ஒருத்தியாவது கேட்கிறாளே என்று அவருக்கு மனசு குளிர்ந்தது. ஒரு மாலை படிக்கட்டில் அவளை மடக்கினார்.

"என் பாட்டு அவ்வளவு பிடிக்குமாம்மா?"

"ஐயோ, அது நீங்க பாடினதா சார்?" அவள் நெளிந்தாள். "நான் வேலைக்குப் போயிட்டா வீட்டுல ஒருத்தரும் இல்ல. திருட்டு பயம். உள்ள யாரோ இருக்கற மாதிரி தெரியணும்ல? நீளமான பாட்டா தேடினேன், இதுதான் கிடைச்சுது."

"நல்லதும்மா" என்று சிரித்து வைத்தார்.

வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டார். கூடத்தில் ஒற்றை நாற்காலி. அதே ஆல்பத்தைச் சத்தமாகப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

உள்ளே யாரோ இருக்கிற மாதிரிதான் இருந்தது.