சமையலறை ஜன்னலோரம் நின்ற கார்

"இந்தக் காரை ரிப்பேர் பண்ணுங்க, இல்ல வித்துடுங்க. ரெண்டுல ஒண்ணு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்பா."

லீவுக்கு வந்திறங்கிய அன்றே மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஓடும்போது ஒன்றுமில்லை. சிக்னலில் நின்றால் போதும், குளிர்ஜுரம் வந்ததுபோல் கார் உதறியது. எங்கே நடுரோட்டில் அணைந்து போகுமோ என்று ஸ்டேஷனிலிருந்து வீடுவரை பயந்துகொண்டேதான் வந்தாள்.

இது அதே கார்தானா என்றிருந்தது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த வீட்டில் காருக்குத்தான் முதல் மரியாதை. அப்பா எஞ்சினை ஓடவிட்டு, பானெட் மேல் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைப்பார். அக்காவும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். தண்ணீர் அசையாது. சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா, "கட்டின பொண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கிட்டா தேவலை" என்பாள். என்ன அருமையான நாட்கள் அவை. அந்த டம்ளரைப் பார்த்து வந்த ஆசையில்தான் அவள் படித்து, கார் கம்பெனியில் வேலைக்கே போனாள்.

இப்போது மனிதர் மாறிவிட்டார். வெளியே போய் வந்தால் ஷெட் கதவைத் திறக்கக்கூட இறங்குவதில்லை. ஹாரனும் அடிப்பதில்லை. உதறும் காருக்குள் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். அம்மாதான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து தாழ்ப்பாளை நீக்க வேண்டும்.

அதில் அம்மாவுக்குப் பெருமை வேறு. போனில் ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறாயே, காதை டாக்டரிடம் காட்டலாமா என்று மகள் கேட்டதற்கு அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"எனக்கா காது கேக்கல? உங்கப்பா வண்டி வந்து நின்னா, அடுப்படியில இருந்தே எனக்குக் கேக்கும்."

மதியம் அம்மா தூங்க, அப்பா முடிவெட்டிக்கொள்ள நடந்துபோன நேரத்தில் மகள் பானெட்டைத் திறந்தாள். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தாள், பளிச்சென்று இருந்தன. ரப்பர் குழாய்களில் காற்றுக் கசிவும் இல்லை. இவ்வளவு அக்கறையாக வைத்திருக்கும் எஞ்சினுக்கு என்ன கேடு?

கடைசியில் கார்புரேட்டரில் கோளாறைப் பிடித்தாள். கார் நிற்கும்போது எஞ்சின் ஓட வேண்டிய வேகத்தைச் சரிசெய்யும் ஸ்க்ரூவை யாரோ கண்டபடி தளர்த்தி, அது நகராதபடி சிவப்பு நகப்பூச்சு வேறு தடவியிருந்தார்கள். எவனோ அரைகுறை மெக்கானிக் என்று திட்டிக்கொண்டே பூச்சைச் சுரண்டி, ஸ்க்ரூவை முடுக்கினாள். பானெட்டை மூடி, தண்ணீர் டம்ளரை வைத்துப் பார்த்தாள். அசையவில்லை. கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளே ஒரு சுற்று ஓட்டினாள். பாராட்டுவார் என்று பார்த்தால், அவர் முகம் வாடிப்போனது.

திரும்பி வந்து, சமையலறையை ஒட்டிய ஷெட் வாசலில் நிறுத்தினாள். ஜன்னல் வழியே அம்மாவின் முதுகு தெரிந்தது. மேடையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

மகள் ஹாரன் அடித்தாள். திரும்பவில்லை. நீளமாக அடித்தாள். அடுத்த வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார். அம்மா அடுத்த காயை எடுத்தாள்.

"அப்பா..."

"காது சுத்தமா போயிடுச்சும்மா. நேர்ல வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்கிறா" என்றார் அப்பா. "டாக்டர்னு சொன்னாலே அழறா. மெதுவா பேசிக் கூட்டிட்டுப் போறேன். வண்டி உதறினா அந்த மேடை அதிரும். கையில தெரியுறதை, காதுல கேட்டதா நினைச்சுக்கிறா. டாக்டர்கிட்ட போற வரைக்கும் அப்படியே நினைச்சுட்டுப் போகட்டுமே."

டாஷ்போர்டைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார். கூடவே, கல்யாணமாகிப் போன அக்கா இங்கே விட்டுச் சென்ற நகப்பூச்சுப் புட்டியையும்.

அவள் இறங்கினாள். பானெட்டைத் தூக்கி, ஸ்க்ரூவைப் பழையபடி தளர்த்தினாள். கார் உதறத் தொடங்கியது.

ஜன்னலில் அம்மாவின் தலை நிமிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து தாழ்ப்பாளை நீக்கியவளின் முகமெல்லாம் சிரிப்பு.

"நான் சொல்லல? வண்டி வந்து நின்ன உடனே கேட்டுடுச்சு பாரு."